தெருவில் வைத்த பாத்திரங்கள்

ஜனவரி 1, வியாழன்

மூத்த பேத்தி வெண்மணி எம்.பி.ஏ. முடித்துச் சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தில் பதினொன்றாவது மாடியில் வேலை பார்க்கிறாள். இரண்டாவது பேத்தி அபிராமி கோயம்புத்தூரில் நர்ஸ், கொரோனா சமயத்தில் நல்ல சேவைக்கு மேடையேறிச் சான்றிதழ் வாங்கியவள். பேரன் தமிழரசன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல், முதல் வகுப்பு. அவன் அப்பன், என் மகன் குமரவேல், வேலை பார்க்கிற அதே வைப்பர் மோட்டார் கம்பெனியில் இப்போது ஒப்பந்தத்தில் நிற்கிறான், புது யூனிட் வந்ததும் நிரந்தரம். ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள் வீட்டில் இத்தனை படிப்பு என்பதை வருஷத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

வெண்மணி என்ன வேலை பார்க்கிறாள் என்று தெருவில் கேட்கிறார்கள். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் எந்த மாநிலத்தில் தொழிற்சாலை கட்டலாம் என்று கேட்டால், ஆராய்ந்து சொல்கிற வேலை. மாநிலங்களுக்கே மார்க் போடுகிறவள் என்று சொன்னேன். வாயை மூடிக்கொண்டார்கள்.

தொழிற்சங்கத்து டைரியை எட்டியப்பன் கொண்டுவந்து கொடுத்தார். அவர்தான் செயலாளர். இவர், என் வீட்டுக்காரர், போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகியும், அண்ணி என்று கூப்பிட்டு முதல் டைரியை எனக்குத்தான் தருகிறார். போன வருஷத்துத் தாளைவிட இது மெலிசு. அச்சகத்துக்காரன் ஏமாற்றியிருக்கிறான்.

ஜனவரி 11, ஞாயிறு

சந்தா வசூல். முன்பெல்லாம் சம்பளத்திலேயே கம்பெனி பிடித்துச் சங்கத்துக்குக் கொடுத்துவிடும். அக்டோபரில் இருந்து, அது எங்கள் வேலை இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். கையால் வசூலிக்க முடியாமல் சங்கம் தானாகக் கரைந்து போகட்டும் என்று கணக்கு. அதனால்தான் எங்கள் குடியிருப்பு மூன்று தெருவுக்கும் ரசீதுப் புத்தகத்தை நான் எடுத்துக்கொண்டேன். கேன்டீனில் இருபத்திரண்டு வருஷம் தட்டு எண்ணினவள். யார் சாப்பிட்டார்கள், யார் சாப்பிட்டதாகச் சொன்னார்கள் என்று முகத்தைப் பார்த்தே தெரியும்.

எல்லாரும் கொடுத்தார்கள், இருபத்தேழாம் நம்பர் முனிராஜைத் தவிர. மூன்றாவது மாதம். வாசலில் உட்கார்ந்து மகளுக்குச் சைக்கிள் செயின் மாட்டிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கக்கூட இல்லை. அவர்கள் வீட்டில் பாட்டியை அவ்வா என்பார்கள், என்னையும் அப்படித்தான் கூப்பிடுவான்.

ஆறு வருஷம் ஒப்பந்தத்தில் கிடந்தபோது சங்கத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி நடையாய் நடந்தானாம். நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் சங்கம் என்று திருப்பி அனுப்பினார்களாம். இப்போது நிரந்தரம் ஆனதும் சந்தாவுக்கு வருகிறீர்களே என்றான்.

“போன தடவ சங்கம் பேசிப் போட்ட ஒப்பந்தத்துல கூலி ஏறுச்சே, வேணாம்னு திருப்பிக் குடுத்தியா?” என்று கேட்டேன்.

“குடுத்திருந்தா வாங்கியிருப்பீங்களா அவ்வா? எனக்குப் புடிச்சா நானே வந்து கட்டறேன். கட்டியே ஆகணும்னா அது சந்தா இல்ல, வரி.”

அவன் பெண்டாட்டி லகுமம்மா உள்ளே இருந்து மோர் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். பேருக்கு நேரே சிவப்பில் வட்டம் போட்டேன். இப்படிப் பேச ஒரு தொழிலாளிக்குத் தானாக வராது. யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஜனவரி 13

பால்காரர் அளக்கும்போது நுரையோடு அளக்கிறார். நாளையில் இருந்து நுரை அடங்கும் வரை நிற்கப் போகிறேன்.

ஜனவரி 17, சனி

பொங்கலுக்கு வந்த வெண்மணி இன்று மத்தியானம் கிளம்பினாள். மூன்று நாளும் மடியில் கம்ப்யூட்டர். பண்டிகை நாளிலும் பிள்ளையை விடமாட்டேன் என்கிறார்கள். ஆனால் என்னைப் போல் அவளிடம் யாரும் பேசியதில்லையாம். நேற்று முழுக்க என்னோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். சங்கம் எப்படி நடக்கிறது, சந்தா தராதவர்களை என்ன செய்வீர்கள் என்றாள். என் வேலையைப் பற்றி இந்த வீட்டில் இதுவரை யார் கேட்டார்கள்?

சிவப்பு வட்டத்தைக் காட்டினேன். சங்கம் போட்ட ஆழ்துளைக் கிணற்றுக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது வட்டம் உள்ள வீட்டுக் குடம் கடைசியில்தான் நிற்கும் என்றேன். அவர்கள் வீட்டுக் காதுகுத்துக்கு யாரும் போகமாட்டோம் என்றேன். கண்ணை விரித்துக் கேட்டாள். சின்ன வயதில் பாம்புக் கதை கேட்கும்போது அப்படித்தான் விரிப்பாள்.

“இவ்ளோதானா ஆயா?” என்றாள்.

தொண்ணூற்று நாலு வேலைநிறுத்தத்தில், சந்தா கட்டாதவன் வீட்டுச் சாமான் செட்டு எல்லாவற்றையும் தெருவில் தூக்கி வைத்தோம், அண்டாவைத் தூக்கினது நான்தான் என்று சொன்னேன். அப்படி நடக்கவில்லை. வாசல் வரை போனோம், இவர் குறுக்கே நின்றுவிட்டார். நடந்திருக்க வேண்டியதுதானே. அதனால் சொன்னேன்.

முறுக்கு ஒரு டப்பா கொடுத்தனுப்பினேன். இரண்டாவது டப்பாவைக் காணோம். தமிழரசன் மேல்தான் சந்தேகம்.

பிப்ரவரி 3, செவ்வாய்

குமரவேல் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான். புது யூனிட் இங்கே இல்லையாம். எல்லைக்கு அந்தப் பக்கம், பக்கத்து மாநிலத்தில். அங்கே நிலம் தருகிறார்கள், வரியை விட்டுக்கொடுக்கிறார்கள், அது பழைய கதை. இந்தத் தடவை வேறு ஒரு காரணமும் சொல்கிறார்களாம். இங்கே தொழிலாளி விருப்பப்பட்டுச் சங்கத்தில் இல்லை, மிரட்டிச் சந்தா வாங்குகிறார்கள், அப்படிப்பட்ட ஊரில் பணம் போட முடியாது என்று யாரோ அறிக்கை கொடுத்திருக்கிறார்களாம்.

தமிழரசனோடு இருநூற்றுச் சொச்சம் பிள்ளைகள் ஒப்பந்தத்தில் நிற்கிறார்கள். எல்லாரும் அந்த யூனிட்டைத்தான் நம்பி இருந்தார்கள்.

யார் சொல்லியிருப்பார்கள் என்று யோசிக்க எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

பிப்ரவரி 4

தண்ணீர் வரிசையில் இரண்டு பேரிடம் மட்டும் சொன்னேன். கம்பெனிக்குக் கோள் சொன்னது யார் என்று உங்களுக்கே தெரியும், நான் பேர் சொல்லமாட்டேன், இருபத்தேழாம் நம்பரை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள் என்று.

பிப்ரவரி 8, ஞாயிறு

வசூல். நான் இரண்டு பேரிடம் சொன்னது மூன்று தெருவுக்கும் போயிருக்கிறது. இந்தத் தடவை ஒருவரும் நாளைக்கு வா என்று சொல்லவில்லை. முனிராஜ் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. தட்டினேன், மிக்ஸி நின்றது, கதவு திறக்கவில்லை. குற்றம் இல்லாதவன் எதற்கு மிக்ஸியை நிறுத்துகிறான்?

வெண்மணிக்கு இரண்டு தடவை போன் போட்டேன். மீட்டிங்கில் இருக்கிறாளாம்.

பிப்ரவரி 12, வியாழன்

கம்பெனி வாசலில் சங்கத்தின் வாயிற்கூட்டம். பேச்சுவார்த்தையில் மேனேஜர் காட்டின அறிக்கையில் இரண்டு பக்கத்தைத் துணைச் செயலாளர் போனில் படம் எடுத்துவிட்டாராம். வக்கீலைக் கொண்டு தமிழில் எழுதி வாங்கி, எட்டியப்பன் மைக்கில் படித்தார். நானும் போயிருந்தேன், பழைய கேன்டீன் ஆட்களோடு வேப்பமரத்து நிழலில் நின்றேன்.

குடியிருப்பில் நீண்ட நாளாக வசிக்கும் ஒருவர் சொன்னது என்று ஆரம்பிக்கிறது. சந்தா தராதவர் பேரில் சிவப்பு வட்டம் போடுவது இருந்தது. குடம் கடைசியில் நிற்பது இருந்தது. காதுகுத்து இருந்தது. கூட்டத்தில் யாரும் முணுமுணுக்கவில்லை, அதெல்லாம் உண்மைதானே. அடுத்தது, 1994ஆம் ஆண்டில் சந்தா கட்ட மறுத்த குடும்பத்தின் பாத்திரங்கள் தெருவில் எறியப்பட்டன, எறிந்தவர்களில் பெண்களும் உண்டு.

கோவிந்தன் கையைத் தூக்கினார். ரிட்டயர் ஆனவர், இவரோடு சேர்ந்து சங்கம் கட்டினவர். “நான் அன்னிக்கு அந்த வாசல்ல நின்னவன். ஒரு டம்ளரைக்கூட யாரும் தொடல. இது முழுப்பொய்.”

அதன்பிறகு கூட்டம் அடங்கவில்லை. உண்மையைச் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பார்கள் போல. இல்லாததைச் சொல்லிப் பிள்ளைகள் வாயில் மண் போட்டவன் யார் என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். முனிராஜ் பேரை நாலு பக்கமும் சொன்னார்கள். அவன் இரண்டாவது ஷிஃப்டில் உள்ளே இருந்தான்.

எனக்கு மயக்கமாக வந்தது. வெயில். குமரவேல் வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டான்.

பிப்ரவரி 13

அரிசியில் வண்டு. முறத்தில் போட்டு மூன்று மணி நேரம் புடைத்தேன். வேறு ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 14, சனி

மத்தியானம் மூன்று மணிக்கு இருபத்தேழாம் நம்பர் வாசலில் இருபது முப்பது பேர் கூடினார்கள். பாதிக்கு மேல் ஒப்பந்தப் பிள்ளைகள், மற்றவர்கள் நம் தெருப் பெண்கள். முனிராஜ் வீட்டில் இல்லை. தெருவில் எறிந்தோம் என்று சொன்னான் அல்லவா, சொன்னது பொய்யாகப் போக வேண்டாம் என்று ஒருத்தி சிரித்தாள். உள்ளே போய் எடுத்துவந்து வைத்தார்கள். எறியவில்லை, வரிசையாக வைத்தார்கள். குக்கர், இட்லிப் பானை, குடங்கள், மிக்ஸி, அதன் ஜாடிகள், கடைசியில் ஒரு பெரிய அலுமினிய அண்டா. லகுமம்மா மகளைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அழவில்லை. எண்ணுகிறவள் மாதிரி ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தமிழரசன் அங்கே இருந்தானா என்று நான் பார்க்கவில்லை. அவன் நீலச் சட்டை மாதிரி ஒன்று தெரிந்தது. நீலச் சட்டை நிறையப் பேர் போடுகிறார்கள்.

எனக்கு முழங்கால் வலி, வெளியே போகவில்லை. எட்டியப்பன் ஸ்கூட்டரில் வந்து எல்லாரையும் விரட்டினார் என்று பிறகு குமரவேல் சொன்னான்.

பிப்ரவரி 17, செவ்வாய்

சங்க ஆபீஸ் வெளிப் பலகையில் முனிராஜின் போட்டோவை ஒட்டியிருக்கிறார்கள். அந்தப் பலகையில் இதற்கு முன் இரண்டே பேர் போட்டோ வந்திருக்கிறது, இரண்டும் வேலைநிறுத்தத்தில் உள்ளே போய் மிஷின் ஓட்டினவர்கள். இருவரும் வருஷம் திரும்புவதற்குள் ஊரை விட்டுப் போனார்கள். சிரித்த முகமாக, ஆயுத பூஜையன்று மிஷினுக்கு மாலை போட்டு நிற்கும்போது எடுத்த படத்தில் இருந்து இவனை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். கீழே “தொழிலாளர் வாழ்வைக் கெடுத்தவர்” என்று எழுத்து. எட்டியப்பனுக்கு விருப்பம் இல்லையாம், கமிட்டியில் ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றார்களாம்.

அவன் கோள் சொல்லியிருக்கவே மாட்டான் என்று எப்படி நம்புவது? வட்டம், குடம், காதுகுத்து மூன்றையும் வேறு இடத்தில் அவனும்தான் சொல்லியிருக்கலாம். அப்படி எழுதிப் பார்த்தேன். எழுதினதும் நன்றாக இல்லை.

பிப்ரவரி 19, வியாழன்

வெண்மணி கூப்பிட்டாள். சாப்பிட்டாயா, கால் வலி எப்படி என்று ஆரம்பித்தாள். நான் எதையும் கேட்கவே இல்லை. அவளாகவே, “ஆயா, நான் யார் பேரும் போடல” என்றாள்.

சரிம்மா என்றேன்.

அவள் வேலையே அதுதானாம், ஒரு மாநிலத்துக்கு மட்டும் பரிந்து பேச முடியாதாம். யாரையும் கட்டாயப்படுத்திச் சந்தா வாங்குவது தப்பு என்று அவளுக்கே தோன்றுகிறதாம், முனிராஜ் மாதிரி ஆளுக்காகத்தான் எழுதினாளாம். அப்புறம், அந்த அண்டா விஷயம் நிஜம்தானே ஆயா என்று கேட்டாள்.

இப்போது நிஜம்தான் என்றேன்.

அவள் நல்ல பிள்ளை. ஒன்பதாம் வகுப்பில் கட்டுரைப் போட்டியில் மாவட்டத்தில் இரண்டாவது. கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறவள். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலையில் காய்கறி வண்டிக்காரரிடம் கேள்விப்பட்டேன். முனிராஜ் பாகலூர்ப் பக்கம் வீடு பார்த்திருக்கிறான். மிஷினில் அவன் பக்கத்தில் நிற்கிறவர்கள் பேசுவதில்லை, மேனேஜரும் அவனைக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லவில்லை, இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்கிறான். மகள் பள்ளிக்கூட வேனில் ஏறமாட்டேன் என்கிறாளாம்.

பத்து மணிக்கு அவன் வீட்டுக்குப் போனேன். தெருவே பார்த்தது. வசூலுக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள், புத்தகத்தை எடுத்துப் போகவில்லை. லகுமம்மா முற்றத்தில் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முனிராஜ் ஸ்டூல் மேல் நின்று ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தான். உட்காருங்கள் என்று இருவரும் சொல்லவில்லை.

நின்றபடியே சொன்னேன். அந்த அறிக்கையில் இருப்பதைச் சொன்னது நான். அண்டா கதை பொய், அதுவும் என் பொய்.

முனிராஜ் ஸ்குரூ டிரைவரை வாயில் கவ்விக்கொண்டு அப்படியே நின்றான். லகுமம்மா தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“அன்னைக்கு உங்க ஜன்னல் தொறந்திருந்துச்சு அவ்வா” என்றாள். “எல்லாரையும் பாத்துட்டு உங்களயும் பாத்தேன். இந்த அவ்வா வந்து ஒரு அதட்டு போட்டா போயிருவாங்கன்னு நெனச்சேன்.”

முழங்கால் வலி என்று சொல்ல வந்தது. சொல்லவில்லை.

முனிராஜ் இறங்கி வந்தான். கோபப்படுவான் என்று பார்த்தேன். “இத எங்கிட்ட சொல்லி என்ன பண்றது? நான் சொல்லலன்னு எனக்குத் தெரியாதா? தெரியாதவங்ககிட்ட போய்ச் சொல்லுங்க” என்றான்.

பிப்ரவரி 23, திங்கள்

குமரவேலிடமும் சொல்லாமல் ஆட்டோ பிடித்துச் சங்க ஆபீஸ் போனேன். எட்டியப்பன் தனியாக இருந்தார். டீ சொன்னார். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிக்கும்போது டீ ஆடை கட்டியிருந்தது.

“யாருகிட்ட சொன்னீங்க அண்ணி?”

பொங்கலுக்கு வந்தவர்களிடம் என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார். வெண்மணிக்கு அந்தப் பெயரை வைக்கச் சொல்லி இவரிடம் பிடிவாதம் பிடித்தவரே அவர்தான். பிறகு, இதை இப்படியே விடுங்கள், இன்றைக்கே ஆளை விட்டு முனிராஜ் போட்டோவைக் கிழித்துவிடுகிறேன், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்றார். கேட்டால் காற்றில் போய்விட்டது என்று சொல்லலாமாம்.

சும்மா எடுத்தால் காலில் விழுந்திருக்கிறான் என்று சொல்வார்கள் என்றேன். இந்த ஊர் வாயை எனக்குத் தெரியும், அதில் பாதி வாய் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமைப் பொதுக்கூட்டத்தில் நான் சொன்னேன் என்று நீங்கள் மைக்கில் சொல்லவேண்டும், பலகையிலும் வரவேண்டும் என்றேன்.

“அண்ணன் கட்டின ஆபீஸ் வாசல்ல உங்க படத்த நான் ஒட்டறதா? கை வருமா எனக்கு?”

“முனிராஜ் படத்த ஒட்டறதுக்கு வந்துச்சே.”

ஒட்டுவதானால்கூட உங்கள் படம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். ஆபீஸில் இருப்பது கொடியேற்றின அன்று எடுத்தது ஒன்றுதான், அதில் நானும் இவரும் ஒட்டி நிற்கிறோம். அதை வெட்ட நான் சம்மதிக்கமாட்டேன்.

ரசீதுப் புத்தகத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். ஒப்பந்தப் பிள்ளைகளையும் சங்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்று கோவிந்தன் ஒரு மாதமாகக் கரடியாகக் கத்துகிறாராம். புத்தகம் அவரிடம் போகட்டும் என்றேன். அவரும் மறதிக்காரர், பின்னால் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னேன். குமரவேல் சாப்பிடவில்லை. தமிழரசன் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனான். திரும்பி வந்து, இருபத்தேழாம் நம்பரில் ஃபேனைத் திரும்ப மாட்டினேன் என்றான். அவர்கள் போகாமல் இருப்பார்களா என்று கேட்டேன். தெரியல ஆயா, ஃபேன் சுத்துது, அவ்வளவுதான் என்றான்.

பிப்ரவரி 25, புதன்

ஸ்டுடியோவுக்குப் போனேன். எதற்கு என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார், பாஸ்போர்ட்டுக்கா, பென்ஷனுக்கா என்று. பலகைக்கு என்றேன், விளங்கவில்லை. முகத்தில் வெளிச்சம் போட்டுச் சுருக்கத்தை எல்லாம் கம்ப்யூட்டரில் எடுத்துவிடுகிறேன் என்றார். எதையும் எடுக்கக்கூடாது என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். அப்படியும் கழுத்தில் ஏதோ செய்திருக்கிறார்.

எட்டியப்பனுக்குப் போட்டோவோடு அனுப்பின சீட்டை இங்கே நகல் எடுத்து வைக்கிறேன்.

தோழர் எட்டியப்பன் அவர்களுக்கு மாதம்மாள் எழுதுவது. முனிராஜ் படத்தைக் கிழிக்க வேண்டாம், மூலை மடங்காமல் எடுத்து அவன் கையில் கொடுக்கவும், நன்றாக விழுந்த படம். அதற்குக் கீழே எழுதின எழுத்து அப்படியே இருக்கட்டும், எனக்கும் அதுவே சரி. என் பேரும் வீட்டு நம்பரும் மட்டும் போடவும். யார் மனைவி, யாருடைய பாட்டி என்று ஒரு வரியும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் கூடுவதற்கு முன்னால் இந்தப் புதுப் போட்டோவை ஒட்டிவிடவும்.